காற்றுக்குப் பிடி கொடுக்காத கார்

மார்ச் மாதத்தில் பல்செட்காரரின் கார் லிட்டருக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர் கொடுத்தது. ஜூனில் ஐம்பத்தெட்டு. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து அது பெட்ரோல் குடிப்பதையே நிறுத்திவிட்டு, ஓடுகிற ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் இரண்டு லிட்டர் வீதம் தன் டேங்கைத் தானே நிரப்பிக்கொள்ள ஆரம்பித்தது. தெருவில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். பல்செட்காரர் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை: பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, ஈறு நிறத்தில் ரோஸ் பவுடர், மெருகேற்றும் மோட்டார். கல்யாணம் வேண்டாம் என்று சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. ஊரார் வாய்க்குப் பல் வைத்துக்கொண்டிருந்ததில் வருடங்கள் ஓடிவிட்டன, அவ்வளவுதான். தபால் ஆபீசில் ஓய்வு பெற்று, புருஷனையும் பறிகொடுத்த அக்கா அவரோடு இருந்தாள். பல்செட் டப்பாக்களை ஊர் ஊராகக் கொண்டுபோகப் பழைய ஹைப்ரிட் கார் ஒன்று வாங்கினார். கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் பேட்டரி என்று மாற்றி மாற்றி ஓடும். வியாழக்கிழமைதோறும் புறவழிச்சாலை பங்க்கில் டேங்கை நிரப்புவார். அங்கேதான் பங்க்காரம்மா இருந்தார்.

பங்க்காரம்மா, காதில் பென்சில் செருகிய, சாம்பல் நிறச் சட்டை போட்ட பெண். பெட்ரோல் போடும்போது மீட்டரைப் பார்க்க மாட்டார், வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒன்று கேட்பார். டேங்க் நிரம்ப இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்துக்காகப் பல்செட்காரர் வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்பதை அக்கா ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வியாழக்கிழமை காலையில் மட்டும் சட்டைக்கு இஸ்திரி எதற்கு? பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. இவருக்கு முப்பத்திரண்டும் இருந்தது, சொல்தான் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பங்க்காரம்மா, "இதே மாதிரி வண்டி ஒண்ணு இங்க வருது சார். லிட்டருக்கு முப்பது குடுக்குதாம். உங்களுது எவ்வளவு?" என்று கேட்டார். இருபத்திரண்டு என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசியது. "அடுத்த வாரம் சொல்றேங்க" என்று மட்டும் சொன்னார். வினை அங்கே ஆரம்பித்தது.

பல்செட்காரருக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்று. கண்ணுக்குத் தெரியாத மேடு, விரலுக்குச் சிக்காத விளிம்பு, எல்லாம் நாக்குக்குத் தெரியும். முடியின் பாதி கனம் துருத்திக்கொண்டிருந்தாலும் நாக்கு அங்கேயே போய் நிற்கும். காற்றும் அப்படித்தான், துருத்துகிற இடத்தில் வண்டியைப் பிடித்து இழுத்துப் பெட்ரோலைத் தின்கிறது என்று அவர் முடிவுகட்டினார். முதலில் கூரை மேல் இருந்த கம்பிச் சட்டத்தையும் ஆன்டெனாவையும் கழற்றினார். முகப்பில் காற்று புகும் வலையை முக்கால்வாசி அடைத்தார். சக்கரங்களுக்குத் தட்டையான அலுமினிய மூடி போட்டார். வண்டியின் அடிவயிறு முழுவதும் பழைய விளம்பரத் தட்டியை வெட்டிப் பொருத்தினார். பின்பக்கத்தைச் சற்று நீட்டி, குறுகலாக முடித்தார். கதவு இடுக்கு, விளக்கு இடுக்கு எல்லாவற்றையும் ஈறு செய்யும் ரோஸ் பவுடரைக் குழைத்து அடைத்து, பல்செட்டுக்குப் போடும் அதே மெருகைப் போட்டார். போட்ட ஒவ்வொரு இணைப்பையும் நாக்கால் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பரோடு முகம் வைத்துப் படுத்திருந்தவரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "ஆக்கி வெச்சது ஆறிப்போய்க் கெடக்கு, நீ வெளிய காரை நக்கிட்டுக் கெடக்கிறே. மானம் போகுதுடா!" என்று அக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

கத்தினாளே தவிர, உதவி செய்யாமல் இல்லை. காற்று எங்கே சிக்குகிறது என்று பார்க்க, கம்பளி நூலைத் தொண்ணூறு துண்டுகளாக வெட்டிக் கார் முழுக்க ஒட்டியபோது, தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து எந்த நூல் படிந்திருக்கிறது, எந்த நூல் பேய் பிடித்து ஆடுகிறது என்று பார்த்துச் சொன்னவள் அவள்தான். ஆடிய இடத்தையெல்லாம் அவர் இழைத்தார். தொண்ணூறாவது நூலும் படிந்த அன்று மழை பெய்தது. துளிகள் காருக்கு இரண்டு விரற்கடை தள்ளியே பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்தன. அந்த மழைக்காலம் முழுவதும் கார் நனையவில்லை. ஈக்கள் அதன் மேல் உட்கார முயன்று வழுக்கின. பின்னால் வருகிறவன் அடிக்கும் ஹாரனும் அப்படியே வழுக்கிக்கொண்டு முன்னால் போகிறவன் காதில் போய் விழுந்ததால், நடுவில் சில தகராறுகள் நடந்தன.

இருபத்திரண்டு இருபத்தேழு ஆனது, முப்பத்துநாலு ஆனது, நாற்பத்தொன்று ஆனது. ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி பங்க்காரம்மாவிடம் போய்ச் சொன்னார். "அப்படியா சார், சந்தோஷம்" என்பார் பங்க்காரம்மா. சொல்லச் சொல்ல அந்தச் சந்தோஷம் இளைத்துக்கொண்டே வந்ததை இந்த மனிதர் கவனிக்கவில்லை. வாரம் ஒருமுறை பத்து நாளுக்கு ஒருமுறை ஆயிற்று, பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இஸ்திரி போட்ட சட்டையோடு காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் முள் பாதிக்கு மேல் நிற்கிறது. அடுத்த வாரமும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டே" என்றாள் அக்கா.

சும்மா போய் நிற்கலாமே என்று கேட்பீர்கள். காரணம் இல்லாமல் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள், அவர் அதில் ஒருவர். அதற்குப் பதிலாகச் செய்ததையெல்லாம் அழிக்கப் பார்த்தார். ரோஸ் ஈறு பெயரவில்லை. அவர் கட்டிய பல்லை எந்த வாயிலிருந்து யார் பெயர்த்திருக்கிறார்கள்? நான்கு ஜன்னலையும் திறந்துவிட்டு ஓட்டினார். கூரை மேல் அக்காவின் சாய்வு நாற்காலியைக் கட்டி ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலைத் தீர்ப்பதற்கென்றே புறவழிச்சாலையை ஐந்து முறை சுற்றினார். சுற்றும்போதெல்லாம் பங்க்கைத் தாண்டும் இடத்தில் மட்டும் தலை திரும்பியது. வீடு வந்து பார்த்தால் முள் ஏறியிருந்தது. காற்று அந்தக் காருக்குப் பழகிவிட்டது. முன்னால் தடுப்பதை விட்டுவிட்டு, பின்னால் வந்து தள்ள ஆரம்பித்திருந்தது. பேட்டரி நிரம்பிய பிறகு மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கார் அதைப் பெட்ரோலாக்கி டேங்கில் வைத்தது.

ஒன்பது வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை காலை டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டியது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். "தீ கீ பிடிச்சுத் தொலைக்கப் போகுது. இவ்வளவு நாளா யாருகிட்ட வாங்குனியோ அவங்ககிட்டயே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா. போடா, மொதல்ல கெளம்பு!" பல்செட்காரர் அப்படியே எழுந்தார். போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சட்டையைக்கூட மாற்றவில்லை, பிளாஸ்டர் தூசி முழங்கை வரை இருந்தது.

பங்க்காரம்மா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வேலையை மட்டும் பார்க்கிறவராக வந்து மூடியைத் திறந்தார். "எவ்வளவு சார்?" என்றார், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

"போட வேணாங்க. எடுத்துக்கணும். ரொம்பிப் போச்சு."

பங்க்காரம்மா ஒரு கணம் யோசித்துவிட்டுக் குழாயைச் செருகி விசையை அழுத்தினார். மீட்டரில் எண்கள் கீழ்நோக்கி ஓடின. குழாய் பெட்ரோலை இழுத்துப் பூமிக்கடியில் இருந்த தொட்டிக்கு அனுப்பியது. இதற்கும் இரண்டரை நிமிடம்தான் பிடிக்கும்.

"ஒம்பது வாரம்" என்றார் பங்க்காரம்மா. "வேற பங்க்குக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"ஐயையோ, இல்லைங்க! மைலேஜ் கூடிப் போச்சு. உங்ககிட்ட நல்ல நம்பரா சொல்லணும்னுதானே செஞ்சேன்."

"நல்ல நம்பரா? வர்றப்பல்லாம், இனிமே இங்க அவ்வளவா வர மாட்டேன்னு ஒரு நம்பர் சொல்லிட்டுப் போனீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

பத்தொன்பது மாதமாக வராத சொல் அப்போதுதான் பல்செட்காரருக்கு வந்தது. "உங்களப் பாக்கத்தாங்க வந்தேன். மொதல்ல இருந்தே. பெட்ரோல் சாக்கு."

பங்க்காரம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். "ஃபுல்லுன்னு நீங்க சொல்லுவீங்க. நான் ஒவ்வொரு தடவையும் போன தடவையை விட இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடுவேன். ஊத்துனதுக்குத்தான் பில்லு போட்டேன், அதுல தப்பில்ல. கொறைச்சு ஊத்துனா சீக்கிரம் வருவீங்கன்னு..." என்று சொல்லி, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் குறைத்து ஊற்றினால், கார் குறைவாகக் குடித்தது போலத்தான் தெரியும். அப்படியானால் நோட்டில் எழுதிய அத்தனை எண்ணும் பொய். நாற்பத்தொன்று நாற்பத்தொன்று இல்லை. முடியின் பாதி கனத்தைப் பிடிக்கிற மனிதர், கண்ணெதிரே இருந்த முள்ளைப் பார்க்கவில்லை. அந்த இரண்டரை நிமிடமும் அவர் பார்த்தது வேறு இடம். ஆனால் காருக்கும் காற்றுக்கும் இதெல்லாம் தெரியாதே. அவை அந்த எண்களை நம்பி, எட்டிப் பிடித்து, தாண்டியும் போய்விட்டிருந்தன. பல்செட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் இருந்ததில்லை.

ஐந்து மாதத்தில் கல்யாணம் நடந்தது. வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து, எரிபொருள் செலவு என்ற கட்டத்தில் மைனஸ் இரண்டு என்று எழுதி முத்திரை குத்திவிட்டுப் போனார். பங்க் முதலாளி இரண்டு பலகை எழுதி மாட்டினார்: பெட்ரோல் போட இடது பக்கம், கொடுக்க வலது பக்கம். வலது பக்கத்தில் இன்றுவரை நிற்பது ஒரே ஒரு கார். வியாழக்கிழமை சாயங்காலம் அது வந்து நின்றதும் பங்க்காரம்மா இடது பக்க வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் குழாயைச் செருகுவார். மீட்டர் பின்னோக்கி ஓடும். காலையில் ஒரே வீட்டிலிருந்து, ஒரே காரில் கிளம்பி வந்தவர்கள்தான். ஆனால் அந்த இரண்டரை நிமிடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இடது பக்கம் வரிசை சாலை வரை நீளும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை.