இரண்டு காலும் ஒன்றாக

"நிறுத்துங்க!" என்று வேலுமணி கத்தியதும் கைலாசம் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். லாரி நிற்பதற்குப் பதிலாக ஒரு துள்ளுத் துள்ளி, மைதானத்து ஓரத்துக் கிளுவை வேலிக்குள் மூக்கை நுழைத்து, நாலு இருமல் இருமி அணைந்தது. முதுகில் இருந்த கரி அடுப்பிலிருந்து குபுகுபுவென்று புகை எழுந்தது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து சேலத்து லாரிகள் எல்லாம் இப்படியொரு அடுப்பைக் கட்டிச் சுமந்துகொண்டுதான் ஓடின.

"ஏனுங்க, நிறுத்துன்னா கிளச்சு, பிரேக்கு ரெண்டையும் ஒண்ணா மிதிக்கோணும்னு எத்தன வாட்டி சொல்றதுங்க? காலத் தூக்கிப்போட்டா வண்டி என்னதாம் பண்ணும்?" என்றான் வேலுமணி. அந்த மோட்டார் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவன்தான். கைலாசத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். அதனால் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவான். அது திட்டு வாங்குகிறவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"தறிக்காரரு லாரியில சேலை நெய்யப் பாக்கறாருங்க," என்றான் சின்னராஜ். வேலியோரம் குந்தியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் அவர்களும் லாரி ஓட்டப் பழக வந்த நாமக்கல் பக்கத்துக் காடு தோட்டக்காரப் பையன்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன் மாமன் மச்சான் முறை. கைலாசமும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் இன்னும் தனியாகிப் போவோம் என்று அவருக்குப் பயம்.

சின்னராஜ் கேலிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். ராசிபுரத்தில் பதினெட்டு வயதில் தறிக்குழிக்குள் காலை விட்ட மனிதர். குழித்தறியில் இரண்டு மிதிகட்டை. வலதை மிதித்தால் இடது எழும்ப வேண்டும், இடதை மிதித்தால் வலது. இரண்டையும் ஒன்றாக மிதிக்கிற வேலை அங்கே கிடையாது. இழை அறுந்தால் மட்டும் இரண்டு காலையும் தூக்கிவிட வேண்டும். நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் சமமாக நிற்கும், முடிச்சுப் போடலாம். ஆகவே நிற்பது என்றால் காலைத் தூக்குவது. புத்திக்கு அது தப்பு என்று தெரிந்துவிட்டது. காலுக்குத் தெரியவில்லை.

இழை அறுவதை அவரைவிட முன்னால் பார்ப்பது அவர் மனைவி தெய்வநாயகிதான். பக்கத்தில் உட்கார்ந்து ராட்டினத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே ஒரு கண்ணைப் பாவின்மேல் வைத்திருப்பாள். "நில்லுங்க!" என்பாள். அவ்வளவுதான், இரண்டு காலும் மேலே. கல்யாணமான நாள் முதல் அந்த ஒரு சொல்லுக்குப் பழகின கால்கள் அவை.

பிறகு நூல் கிடைக்காமல் போனது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக வாய் மூடின. குமாரபாளையத்தில் இருந்த தெய்வநாயகியின் அண்ணன் கந்தவேலுக்கு நெசவாளர் சங்கத்தில் செல்வாக்கு. அவர் தெருவுக்கு மட்டும் நூல் வந்துகொண்டிருந்தது. அவர் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். "மாப்ள, ஒரு வேலையத் தேடிக்கிட்டு வாங்க. அன்னைக்கே அனுப்பி வெக்கறேன்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொன்னார். குழந்தை குட்டி இல்லாத வீடு; அவள் போனதும் மிச்சம் ஒன்றுமே இல்லை.

டிரைவர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் லாரிக்கு ஆள் தேவைப்பட்டது. ஆத்தூரிலிருந்து அரிசி ஏற்றும் முதலாளி ஒருவர், "மாசக் கடைசியில பிரேக் இன்ஸ்பெக்டர் வருவாரு. லைசன்ஸ் வாங்கிட்டா உனக்கு வண்டி. இல்லாட்டி வேற ஆளு," என்று சொல்லிவிட்டார். ஆக, தெய்வநாயகி திரும்பி வருவதும் வராததும் இப்போது இரண்டு கால்களின் கையில் இருந்தது.

சேலத்தில், அஸ்தம்பட்டியில் ஒரு கரிக் கிடங்குக்குப் பின்னால் அறை எடுத்திருந்தார். அங்கே அவரால் பொறுக்க முடியாதது சத்தமில்லாமைதான். தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர். இங்கே சாயங்காலமானால் தன் மூச்சே தனக்குக் கேட்டது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேசுவதற்கு ஆள் இல்லை என்பதுகூடப் பரவாயில்லை, "நில்லு" என்று சொல்லக்கூட ஆள் இல்லையே என்று இருந்தது. தரையில் இரண்டு செங்கல்லைப் போட்டு, அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்து, தனக்குத்தானே "நிறுத்து" என்று சொல்லி மிதித்துப் பார்த்தார். தானே சொன்னால் கால் சொன்னபடி கேட்டது. அடுத்தவர் குரல் திடுக்கென்று வந்தால்தான் மோசம் பண்ணியது.

முனையில் ஆப்பம் சுடுகிற குப்பாயியிடம் ஒருநாள் கேட்டும்விட்டார். "ஒரு ஒத்தாச பண்ணோணும் ஆத்தா. நான் இப்பிடி உக்காந்திருக்கறப்ப நீங்க திடீர்னு 'நிறுத்து'ன்னு சத்தம் போடோணும்."

குப்பாயி கரண்டியைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எதை நிறுத்தச் சொல்ற சாமி?"

"ஒண்ணையும் இல்லீங்க. சும்மா."

அவள் இன்னொரு ஆப்பத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள். பசியில் பிதற்றுகிறான் என்று நினைத்திருப்பாள். அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை.

சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குமாரபாளையம் போனார். தெய்வநாயகி கொல்லைப்புறத்தில் நூலை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் பழக்கின காலு. நாந்தான மாத்தோணும்?" என்றாள்.

கவிழ்த்துப்போட்ட உரலின்மேல் அவர் உட்கார்ந்தார். காலுக்கடியில் இரண்டு கல். அவள் திரும்பி நின்று நூலை உதறிக்கொண்டிருந்தாள். "நில்லுங்க!" கால்கள் இரண்டும் மேலே பறந்தன. "கீழ, கீழ!" என்றாள். மறுபடி நூலை உதறினாள். "நில்லுங்க!" மறுபடியும் மேலே. நாலைந்து தடவைக்குப் பின் அவள் வந்து அவர் முன்னால் குந்தி, இரண்டு முழங்காலையும் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்ல, "நில்லுங்க," என்றாள். அந்தக் கை கீழே அழுத்தியது. மாதக்கணக்கில் யாரும் தொடாத உடம்பு. அவருக்குக் கண் கலங்கிப்போயிற்று. வெயில் சாயும்வரை சொன்னாள். சாயும்போது கால்கள் மேலே போகவில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "லாரிக்குப் போயிட்டா பொழுது போனா ஊட்டுக்கு வருவீங்களா?"

"லோடு இருக்கற நாளைக்கு வர முடியாது. இல்லாத நாளெல்லாம் உங்கண்ணங்கிட்ட நூல் வாங்கி நம்ம தறியில உக்காருவேன். நீ பக்கத்துல தார் சுத்து. அப்ப எல்லாம் பழையபடிதான?"

"அப்பிடின்னா வாரேனுங்க," என்றாள். "ஒத்தையில செவுத்தப் பாத்துட்டு உக்கார என்னால ஆவாது."

சோதனை ஏற்காட்டு ரோட்டு ஏற்றத்தில் நடந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தார். ஏற்றத்தின் பாதியில், எதிரே ஆடு மாடு எதுவும் இல்லாதபோது, இருந்தாற்போல் "ஸ்டாப்!" என்று ஒரு அதட்டல் போட்டார். கைலாசத்தின் காதில் அது வேறு குரலாக விழுந்தது. முழங்கால் இரண்டிலும் கையின் கனம் இருந்தது. இரண்டு காலும் ஒன்றாகக் கீழே போக, லாரி சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. சின்னராஜ்கூட ஓடி வந்து தோளைத் தட்டினான்.

லைசன்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் குமாரபாளையம் போய் இறங்கியபோது தெய்வநாயகியின் தகரப் பெட்டி வாசற்படி ஓரத்தில் கயிறு கட்டித் தயாராக இருந்தது. கந்தவேல் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் சங்கத்துக்குப் போயிட்டு வந்தர்றேன் மாப்ள. அதுவரைக்கும் சும்மா இருக்கறதுக்குச் செத்த நேரம் தறியில உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லவா வேண்டும்? கைலாசம் குழிக்குள் காலை இறக்கினார். குளிர்ந்த மண் உள்ளங்காலைத் தொட்டது. நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடியது. வலது, இடது, வலது. தெய்வநாயகி ராட்டினத்தை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் சந்தோஷமாக இருந்தார். ராசிபுரத்து வீடு இப்படியே திரும்பக் கிடைத்துவிட்டது என்று நம்பினார்.

"நில்லுங்க!"

எங்கோ ஒரு இழை அறுந்திருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. இரண்டு காலும் ஒன்றாக, ஊன்றி, பலம் கொண்ட மட்டும் கீழே மிதித்தன. மிதிகட்டைகளைத் தாங்கி மேலே கப்பியில் ஓடிய கயிறு விண்ணென்று இழுபட்டுப் படாரென்று அறுந்தது. பாவை ஏற்றி இறக்கும் விழுதுக் கட்டை ஒரு பக்கமாக அதன்மேலேயே விழுந்தது. ஒரு கையகலத்துக்கு இழைகள் அறுந்து சுருண்டன.

வீடு சத்தமற்றுப் போனது. தெருவில் மற்றத் தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

தெய்வநாயகியின் ராட்டினம் கையை எடுத்த பிறகும் கொஞ்சம் சுற்றி நின்றது. அவள் பாவைப் பார்த்தாள். குழிக்குள் பார்த்தாள். வாசற்படியில் இருந்த பெட்டியை ஒரு தரம் பார்த்தாள்.

"லாரிய நிறுத்திப்போட்டீங்க," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

"கயித்த மாத்திரலாம் தெய்வானை. கொஞ்ச நாள் பழகினா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இந்தப் பக்கம் பழகினால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஏற்காட்டு மலையிறக்கத்தில் ஒரு தரம் காலைத் தூக்கினால் போதும், லாரி பள்ளத்தில்தான்.

அவள் தறியின் குறுக்கே குனிந்து, அறுந்த இழைகளின் நுனிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக எச்சில் தொட்டு முடியத் தொடங்கினாள். அவள் தலை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. நிமிராமலே சொன்னாள்:

"காலத் தூக்குங்க. பாவு தளர்ந்தாத்தான் முடிச்சுப் போட முடியும்."

தூக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். குழியின் இருட்டில், அவள் பழக்கின இரண்டு கால்களும் மிதிகட்டைகளின்மேல் அசையாமல் ஊன்றி நின்றுகொண்டிருந்தன.