வேலி தாண்டிய தக்காளி

சைபீரியாவில், தோம்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். மற்ற வீடுகளில் தக்காளியைக் காயாகவே பறித்து, கம்பளிக் காலணிக்குள் ஒளித்துப் பழுக்க வைப்பார்கள். ஃபைனாவின் ரகம் மட்டும் பனி விழுவதற்குள் செடியிலேயே சிவந்துவிடும். அதனால் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. யார் விதை கேட்டாலும் இல்லையென்று கையை விரித்துவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கிய பழம் ஒன்று காணாமல் போனது. பக்கத்து வீட்டு நிக்கனோரைத் தெருவே கூடும்படி திருடன் என்று ஏசினாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இந்த வருடம் ஓயாத மழை. செடிகள் அழுகி, ஒரே ஒரு பழம்தான் தேறியது. பழைய விதையை எலி தின்றிருந்தது. அந்த ஒற்றைப் பழத்தின் விதையைச் சாறோடு ஜாடியில் ஊற வைத்தாள். மூன்றாம் நாள் பூஞ்சை படர்ந்து நாற்றம் குடலைப் பிடுங்கியது. விதையைச் சுற்றிய வழவழப்பு போக அப்படிப் புளிக்கத்தான் வேண்டும். நகரத்திலிருந்து வந்திருந்த மருமகள் ரிம்மாவுக்கு அது எங்கே தெரியும்? கழிப்பறைக் குழியில் கொட்டிவிட்டு, ஜாடியைப் பளபளவென்று தேய்த்தும் வைத்துவிட்டாள்.

"கெட்டுப்போன ஊறுகாய்னு நெனச்சேன் அத்தை!" என்று ரிம்மா அழுதாள்.

ஃபைனா இருபத்தாறு வருடமாகக் காத்துவந்த ரகம் போயே போய்விட்டது. மானத்தை விழுங்கிக்கொண்டு போய் நிக்கனோர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நிக்கனோர், அந்தப் பழத்தை நீதானே எடுத்தே?"

"மூணு வருஷமா திருடன்னு சொல்லிட்டு, இப்பதான் விசாரணையா?"

"எடுத்தேன்னு சொல்லுப்பா. என் மருமக விதை ஜாடியைக் கொட்டிக் கழுவிட்டா. உன் கால்ல வேணா விழறேன்."

நிக்கனோருக்கு முகம் மாறியது. உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். "எடுத்தேன். உன் வாய்க்குப் பயந்து வீட்டுக்குப் பின்னாடி மறைச்சு வளர்த்தேன். இந்தா, பாதி. மீதி எங்கிட்டயே இருக்கட்டும். உங்க வீட்டுல ரொம்ப சுத்தம் பாக்குறாங்க போல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நல்லவேளை திருடினே, பாவி."

வீட்டுக்கு வந்தவள், கண்வீங்கி நின்ற ரிம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் விதையைக் கொட்டினாள்.

"வேண்டாம் அத்தை, நான் இதையும் கெடுத்துடுவேன்."

"கெடுத்தா மறுபடி தரேன். நான் கெடுத்தா நீ குடு" என்றாள் ஃபைனா.