கண்ணாடித் திருகாணி

மனைவியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு திருகாணி விழுந்து தொலைந்ததால், பாளையங்கோட்டை வாத்தியார் தேவசிகாமணி புதிதாக ஒன்று செய்ய கம்பியில் மரை, அதாவது திருகுப்புரி, வெட்டும் கருவி வாங்கப் போனார். கடையில் அப்படிப்பட்ட கருவிகள் அடுக்கிய பெரிய பெட்டி ஒன்று பளபளத்தது. அதை வைத்து என்னவெல்லாமோ செய்யலாமென்று கை பரபரத்தது.

"எதுக்கு வேணும் சார்வாள்?" என்றார் கடைக்காரர்.

கண்ணாடியின் மறுபக்கத் திருகாணியைக் காட்டினார். பெட்டியிலிருந்த கருவிகளில் ஆகச் சின்னத் துளையிலும் அது தொளதொளத்தது.

"அப்ப கடிகாரக்காரங்க வாங்குத, பொடிப்பொடித் துளை போட்ட மரைத் தகடுதான் சரி. பைய திருகுங்க."

தகட்டின் மூன்றாம் துளையில் அது ஆடாமல் ஏறியது. பெட்டியை மனமில்லாமல் விட்டுவிட்டுத் தகட்டை வாங்கினார்.

வீட்டில் தகட்டுத் துளையில் திருகும்போது இரண்டு பித்தளைக் கம்பிகள் முறிந்தன, மூன்றாவது திருகாணியாயிற்று. பாக்கியவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாதபோது கணவர் வாசிக்கக் கேட்டிருந்த, ரங்கூனிலிருந்து மகள் எழுதிய கடிதத்தை எடுத்துத் தானே வாசித்தாள்.

"அம்மாவ நெனச்சு அழுதேன்னு எழுதிருக்காளே, நீங்க வாசிக்கலியே?"

"நீயும் அழுவியேன்னுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தாள்.