தங்க மின்முனைக்குத் தெரியாத சர்க்கரை

“சக்கரை எத்தன கரண்டிங்க?” என்று கலியாணமான மறுநாள் காலையில் கோகிலவாணி கேட்டாள்.

“ரெண்டு” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

‘உனக்கு?’ என்று கேட்பான் என்று அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

“காப்பி ஆறுது பாரு” என்றான்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஈஸ்வரமூர்த்திக்குத் தேன் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தேனில் என்னென்ன சர்க்கரை இருக்கிறது என்பதை எள்ளளவு தங்க மின்முனை ஒன்று அவனுக்குச் சொல்லிவந்தது. போன மாதம் அதன் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்தார்கள். கோகிலவாணியின் பெயருக்கு மேலே.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. ஒரு நொடிக்கு இரண்டு தடவை அவன் மின்முனையிடம், “எப்படி இருக்குது?” என்று கேட்டான். அது சொன்னதும் மின்சாரத்தால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டான். அது ருசித்ததெல்லாம் மறந்துபோனது. மறுபடி முதல் தடவை போலவே கேட்டான்.

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி தானே பரிசோதனை மாதிரியாகக் கூடத்துக்குப் போனாள்.

“நீங்க திரவமுங்களா?” என்றாள் வாசலில் இருந்த அம்மாள்.

“இல்லீங்க.”

“பரவால்ல. திரவம்னே எழுதிக்கிறேன். குழாய்க்குள்ள போங்க.”

சர்க்கரைகளைப் பிரித்து மின்முனையிடம் அனுப்பும் அந்தக் குழாய்க்குள் நீண்ட நடை இருந்தது. திராட்சைச் சர்க்கரை, பழச் சர்க்கரை, கரும்புச் சர்க்கரை மூவரும் தேய்த்த சட்டையில் அவளோடு நடந்தார்கள். சுவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நிறுத்தியது. திராட்சைச் சர்க்கரை உடனே உதறிவிட்டுப் போனது. மற்ற இருவரும் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்கள்.

“வா கண்ணு, சாப்பிட்டயா? இடுப்பு வலி எப்படி இருக்குது?” என்று சுவர் கோகிலவாணியைக் கேட்டது.

அவளால் கிளம்ப முடியவில்லை. கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தாள்.

குழாயின் மறுவாசலில் மின்முனை மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் முழங்கையை ஒரு முறை நக்கியது. கணினித் திரையில் கோடு கிளம்பி, திரையைத் தாண்டி, மின்விசிறியைத் தொட்டது.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றான்.

“யாரது?” என்று மின்முனையைக் கேட்டான்.

“தெரியலீங்க. இதுவரைக்கும் ருசிச்சதே இல்லீங்க.”

அவன் பட்டியலைப் புரட்டினான். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் எதுவும் இல்லை. கோகிலவாணி எதிரில்தான் நின்றாள். அவன் மின்முனையின் முகத்தைத் துடைத்தான்.

“யாரது?”

“தெரியலீங்க.”

துடைத்தான். கேட்டான். துடைத்தான்.

நூறாவது தடவை கோகிலவாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

“அதைய விடுங்க” என்றாள். “என்னையக் கேளுங்க. உனக்குச் சக்கரை எத்தன கரண்டின்னு ஒரே ஒரு தடவ என்னையக் கேளுங்க.”