பன்னிரண்டாவது பாலத்தில் ஒரு நீல முகம்

டப்பா தேடுவதில் என்னை மிஞ்ச எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விளையாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம் வரும். கிடைக்காவிட்டால் அழுகிற நீல முகம். என் வரைபடத்தைத் திறந்தால் யிஹ்லவா ஆற்றின் இரண்டு கரையிலும் சாமந்தி கொட்டினாற்போல மஞ்சள்தான். நீலம் ஒன்றுகூடக் கிடையாது.

ஜியோகேச்சிங் என்று இதற்குப் பெயர். யாரோ ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். உள்ளே சுருட்டியிருக்கும் காகிதத்தில் பெயர் எழுத வேண்டும், இருந்தது இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பாசி பிடித்த கல்லைப் புரட்டும்போது அடியில் பிளாஸ்டிக் மூடி ஒன்று விரலில் தட்டுப்படும் பாருங்கள், அதற்காக நான் பூட்ஸ் நனைய ஓடையில் இறங்கியிருக்கிறேன், காட்டுப்பன்றிக்குப் பயந்து மரமேறியிருக்கிறேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களை எங்கள் நாட்டில் வாத்துகள் என்பார்கள். நான், ஹெட்விகா, அசல் வாத்து. என் கணவர் லுபோஷ் வாத்து இல்லை. அவர் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

எங்கள் கூட்டத்தில் போஹுமில் என்று ஒருவர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஊரில் உள்ள பன்னிரண்டு பாலங்களிலும் பாலத்துக்கொரு டப்பாவை ஒளித்துவைத்தார். பன்னிரண்டையும் கண்டுபிடிப்பவர்களுக்கு அவர் கையால் கடைந்த மர நாணயம், ஜூன் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கொடுப்பார். கடையில் கிடைக்காத பொருள். எனக்கு அது வேண்டும். அலமாரியில் அதற்கு இடம்கூட ஒழித்துவைத்துவிட்டேன்.

மே மாதத்திற்குள் பதினொன்று முடிந்தது. மிச்சம் பழைய தோல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் நடைபாலம். போஹுமில் கொடுத்திருந்த குறிப்பு: கைப்பிடி, காந்தம். அதாவது ஏதோ ஒரு போல்ட், உள்ளே குடைந்து காந்தத்தால் ஒட்டிய பொய் போல்ட். இது ஒரு வேலையா என்று போனேன்.

முதல் ஞாயிறு, நடுப்பாலத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு நகரவே இல்லை. வெளியாள் பார்க்க டப்பாவில் கைவைக்கக் கூடாது. அது எங்கள் ஆட்டத்தின் முதல் மரியாதை. காடாக இருந்தால் கையில் ஒரு காளான் கூடை போதும், குனிந்து கிடந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பாலத்தில் என்ன காளானைப் பறிப்பது? ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். இரண்டாம் ஞாயிறு ஒரு காதல் ஜோடி. முத்தம் என்றால் முத்தம், மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. மூன்றாம் ஞாயிறு பாலம் காலி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தேன். நகம் உடைந்தது. ஒன்றும் அசையவில்லை.

காரில் வந்து உட்கார்ந்து போனில் அந்த டப்பாவின் பக்கத்தைத் திறந்தால், ராடோவான் ஏப்ரலில் எழுதியது கண்ணில் பட்டது. ராடோவான் கார் விற்பவன். எனக்குப் போட்டி என்று தன்னைத் தானே நினைத்துக்கொண்டிருப்பவன். "இரண்டே நிமிஷம். அருமையான இடம். நன்றி, போஹுமில்!" அவனுக்கு மேலே இன்னும் நாலைந்து பேர், எல்லோருக்கும் மஞ்சள் முகம்.

"நீயும் கெடைச்சுதுன்னு எழுதிடேன் ஹெட்வி," என்றார் லுபோஷ். "யாரு வந்து பார்க்கப் போறா?"

"காகிதத்துல என் பேரு இல்லாம மஞ்சளா? அதுக்கு உன்கூட உட்கார்ந்து ரேடியோ கேட்டிருப்பேனே."

"நாணயம் வேணும்னு நீதான் ராத்திரியெல்லாம் புலம்பறே."

"வேணும். நெஜமா சம்பாதிச்ச நாணயம் வேணும்."

தேடிக் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். இதுவும் மரியாதைதான், ஆனால் பாதிப் பேர் வெட்கத்தில் எழுதுவதில்லை. நான் எழுதினேன். சாமந்திக்கு நடுவில் நீலமாக ஒரு முகம் முளைத்தது. சொல்வதற்கென்ன, வலித்தது. வீட்டுக்குப் போனபின் சூப்கூட இறங்கவில்லை. அன்று மாலையே ராடோவானிடமிருந்து செய்தி: "கண் டாக்டர் நம்பர் வேணுமா, ஹெட்விகா?"

அந்த ஆத்திரத்தில் நாலாவது தடவை கிளம்பினேன். கூட்டத்துக்கு முந்தின நாள். வெளியாள் தொல்லை இல்லாமல் இருக்க, காரில் இருக்கும் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டேன். அதைப் போட்டவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கணக்கு. கணக்கு தப்பிவிட்டது. டாக்ஸ்ஹுண்ட் நாயோடு வந்த ஓர் அம்மா நேராக என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"ஏம்மா, நகராட்சிதானே நீ? வந்தியே, மகராசி! இதோ பாரு, தொட்டா கிடுகிடுன்னு ஆடுது. மார்ச்சுல நல்லா இருந்த பச்சைக் கைப்பிடியைப் பேத்து எடுத்துட்டு, இந்தச் சாம்பல் கம்பியை மாட்டிட்டுப் போனீங்களே, உங்களுக்கே நியாயமா?"

நான் முட்டி போட்டபடி நிமிர்ந்து பார்த்தேன். "எல்லாத்தையுமா பேத்தோம்?"

"ஒரு போல்ட் விடலை! லாரியில அள்ளிட்டுப் போனாங்க. உங்க ஆளுங்க செஞ்சது உனக்கே தெரியாதா? நல்ல ஆபீஸ்!"

"மேல சொல்றேம்மா," என்றேன். அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காததுதான் குறை. மார்ச்சில் கைப்பிடியோடு டப்பாவும் போய்விட்டது. ராடோவான் கண்டுபிடித்தது ஏப்ரலில்!

கூட்டம் மறுநாள் மதியம், ஆற்றோரப் பியர்க்கடையின் தோட்டத்தில். நீள மேஜை, ஆளுக்கொரு பியர், குலாஷ் என்கிற கறிக்குழம்பு. மேஜையின் தலைப்பக்கத்தில் போஹுமில், பக்கத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் நாணயங்கள். நான் வந்து உட்காருவதற்குள் ராடோவான் ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க வாங்க, நீலமுகம் வந்தாச்சு! யாராவது கண்ணாடி குடுங்கப்பா."

"எனக்கு நெஜமாவே தெரியலை ராடோவான்," என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "கொஞ்சம் சொல்லேன். எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"குறிப்பு குடுக்கக் கூடாதும்மா. விதி."

"இடம் வேண்டாம். நான் சரியான பாலத்துக்குத்தான் போனேனான்னு சந்தேகமா இருக்கு. கைப்பிடி என்ன கலர்?"

"பச்சை," என்றான் ராடோவான், குலாஷில் ரொட்டியைத் தோய்த்தபடி. "பாலம்கூடத் தெரியாமலா தேடினே?"

"ஏப்ரல்லயும் பச்சையாத்தான் இருந்துச்சா?"

"பின்னே? நான்தான் தொட்டுப் பார்த்தேனே."

"மார்ச்சுலயே மாத்திட்டாங்க ராடோவான். சாம்பல் கலர்."

மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாருக்கோ பியர் புரையேறியது. நாலைந்து பேர் மட்டும் சிரிக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். ராடோவான் ரொட்டியைத் தட்டில் வைத்தான். அப்போது போஹுமில் சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு போல்ட்.

"வேலை நடக்கப் போகுதுன்னு பலகை வெச்சிருந்தாங்க," என்றார் மெதுவாக. "முந்தின நாளே கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். புதுக் கம்பிக்கு ஏத்த மாதிரி வேற கடையணும். இணையத்துல டப்பாவோட பக்கத்தை மூடி வைக்கணும்னு மறந்தே போச்சு. ஞாபகம் வந்து திறந்தா, ராடோவான் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கான்! டப்பாவோ அப்போ என் மேஜை டிராயர்ல கெடந்துச்சு. சரி, யாராவது ஒருத்தர் உள்ளதை எழுதறாங்களான்னு பார்ப்போம்னு விட்டுட்டேன். ஹெட்விகா ஒருத்திதான் எழுதினா."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் கோபம்தான் வந்தது. "ரொம்ப நல்லா இருக்கு! மூணு ஞாயித்துக்கிழமை முட்டி தேய்ஞ்சது எனக்கு, வேடிக்கை பார்த்தது நீங்களா?"

"தப்புதான். மன்னிச்சுக்கோ." அவர் போல்ட்டைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்த காகிதச் சுருளை நீட்டி, பென்சிலையும் வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு மர நாணயம். "பேரை எழுது. நாணயத்தை எடுத்துக்கோ. உனக்கில்லாம யாருக்கு?"

செர்ரி மரத்தில் கடைந்தது. நடுவில் ஒரு குட்டிப் பாலம். விரல் தானாகவே அதன் விளிம்பைத் தடவியது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னோடு வந்திருந்த லுபோஷ்கூட.

நாணயத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"பியர்க்கடை மேஜை மேல டப்பா கண்டுபிடிக்க நான் வாத்தா இருக்கணுமா? புதுசு கடைஞ்சு ஒளிச்சு வைங்க. நான் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் நீலம் நீலமாவே இருக்கட்டும்."

போஹுமில் சிரித்தார். துணிப்பையை இறுக்கிக் கட்டினார். பொய் மஞ்சள் அத்தனையையும் அன்றைக்கே அழித்தார்.

இரண்டு வாரத்தில் புதுப் போல்ட் ஏறிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. போனேன். பாலத்தின் அந்தக் கோடியில் ஏற்கெனவே ஓர் ஆள் முட்டி போட்டுக்கொண்டிருந்தான். ராடோவான்தான். நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் இந்தக் கோடியில் ஆரம்பித்தேன். முட்டி போடவில்லை. ஆற்றைப் பார்ப்பவள் மாதிரி கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, கையைக் கம்பிக்குப் பின்னால் விட்டு, ஒவ்வொன்றாக வருடிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு போல்ட் மற்றவற்றைப் போல இறுக்கமாக இல்லை. விரலோடு லேசாகச் சுழன்றது. உள்ளே புதுக் காகிதம், ஒரு பெயர்கூட இல்லை. முதல் வரியில் என் பெயரை எழுதினேன், சுருட்டினேன், இருந்தது இருந்தபடியே வைத்தேன்.

டாக்ஸ்ஹுண்ட் அம்மா வந்துவிட்டார். "நீதானே அன்னிக்கு வந்தது? இன்னும் ஆடுதும்மா!"

"அதோ, மேலதிகாரியே வந்திருக்கார்," என்று ராடோவானைக் காட்டினேன். "முட்டி போட்டு அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கார். நல்லா கேளுங்க."

அவர் விடுவிடுவென்று நடந்தார். நாய் குரைத்தது. நான் காரை நோக்கித் திரும்பினேன்.

"ஹெட்விகா!" என்று கத்தினான் ராடோவான். "கெடைச்சிருச்சா உனக்கு? போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குறிப்பாவது குடு!"

"ரெண்டே நிமிஷ வேலை, ராடோவான்," என்றேன்.