முப்பது வெள்ளைத் துணிகள்

எங்கள் தெருவில் அழுக்கைவிட மானக்கேடான விஷயம் எதுவும் கிடையாது. நிலக்கரிக் கிடங்கு முந்நூறு அடி தள்ளி இருக்கிறது. கரித்தூளுக்குக் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கமும் இல்லை. அப்படியிருந்தும் வாசல் பளபளக்கும், தலையணை உறை பளபளக்கும். அம்மா மட்டும் களைத்துப்போயிருப்பாள்.

இப்போது இரண்டாவது கிடங்கு வரப்போகிறதாம், அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி. அக்காவின் பாப்பாவுக்கு எட்டு மாதம். மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கிறது. அந்தக் கிடங்கு வந்தால் வீட்டை மாற்றிவிடுங்கள் என்றார் டாக்டர், ஏதோ சட்டை மாற்றுவதுபோல.

கல்லூரியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் களத்தில் குதித்தோம். கோஷம் போட்டோம்; தெரு கொட்டாவி விட்டது. பிறகுதான் ஐவரில் ஒல்லியான, நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நண்பனுக்கு மூளை வேலை செய்தது. முப்பது மொட்டை மாடிகளில், நூலால் எண் தைத்த முப்பது வெள்ளைத் துணிகள், முப்பது நாள். தெருப் பெண்கள் காக்காயைக்கூட அண்ட விடவில்லை. துணிகள் அட்டக்கறுப்பாயின. கிடங்குக்கு அனுமதி தருவது பற்றி அதிகாரி வந்து நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முதல் நாள் மூட்டையை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனோம்.

திரும்பி வந்தால், முப்பதும் வெள்ளை வெளேரென்று, இஸ்திரி போட்டு, எண் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தன.

“அம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

“அதிகாரி கையில அழுக்குத் துணியையா குடுப்பே? நம்ம தெருவைப் பத்தி என்ன நினைப்பாரு? எல்லாரும் சேர்ந்து மூணு தண்ணி அலசினோம்.”

“அதுதாம்மா சாட்சி!”

“போட்டோதான் எடுத்தீங்களே!”

எடுத்தோம். எல்லாப் படத்திலும் நாங்கள்தான் இளித்துக்கொண்டிருந்தோம்.

துணிகளைக் காட்டுவோம் என்று மனுவில் எழுதியாகிவிட்டதால் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். எங்கள் தெருக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் கிடங்கு மேனேஜர் ஒன்றை விரித்துத் தூக்கிக் காட்டினார். “பாருங்க சார், இங்க காத்து எவ்வளவு சுத்தம்!” அக்கா தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவின் முதுகைத் தடவினாள். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு ஆத்திரம்.

வெற்றிக் களிப்பில் மேனேஜர் உட்காரப் போனார். அதற்குமுன், இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும்போல, கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“தம்பி, அதைப் பாக்கெட்ல வைக்காதீங்க, சட்டை பாழாயிடும். குடுங்க, தோச்சுத் தரேன்.” உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். “காலையிலதான் எல்லா நாற்காலியையும் துடைச்சோம். அதுக்குள்ள பாருங்களேன்!”

அதிகாரி நிமிர்ந்தார். “காலையில எத்தனை மணிக்கும்மா?”

“எட்டு மணிக்கு, ஐயா.”

அப்போது மணி பதினொன்றரை. அதிகாரி கையை நீட்டினார். “கைக்குட்டையைக் குடுங்க.”

“சார், இது என் சொந்தக் கைக்குட்டை…”

கூடமே சிரித்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மேனேஜர் கொடுத்தார்.

கறுத்த கைக்குட்டையை மேசைமேல் விரித்துவைத்து, இரண்டாவது கிடங்குக்கு அனுமதி கூடாது என்று அதிகாரி எழுதத் தொடங்கினார். அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.