பெட்டிகளுக்கு வாஸ்து

கம்ப்யூட்டர் மானிட்டரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் தலை வடக்கே இருக்கிறதா என்று பார்த்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்தான் இருப்பார்கள். மூன்று பேரும் ஒரே மத்தியானத்தில் எங்கள் கடையில்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். வேறு யாராவது இதைத் திரித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் வருஷத்து ஆடி மாதம் அது. எங்கள் கடை பெயர் 'சேட்டு லைட் செட்'. சேட்டு என் வீட்டுக்காரர். அத்தை மகன் என்பதால் நான் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். மூங்கில் சாரத்தில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டி, மயில் தோகை விரிப்பது, யானை தும்பிக்கை தூக்குவது என்று திருவிழாக்களில் காட்டுவார்களே, அதுதான் எங்கள் தொழில். படம் வரைவது நான். எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று யோசிப்பதும் நான். ஊரார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சேட்டு சூப்பரா பண்ணிக்கிறாம்பா" என்பார்கள். பாவா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் நான் ஒரு முடிவோடு இருந்தேன். ஆடிக்கிருத்திகைக்கு எங்கள் முருகன் மலை அடிவாரத்தில் நிற்கப்போகும் பெரிய போர்டில் என் பெயர் எரிய வேண்டும். ஓரத்தில் பெயிண்டில் எழுதினால் போதாது, பல்பில் எரிய வேண்டும். காவடி எடுத்து வரும் அத்தனை கூட்டமும் அதைப் படிக்க வேண்டும். சின்ன ஆசைதான், ஆனால் சோறு இறங்காத அளவுக்கு ஆசை.

அதற்குக் காரணமும் இருந்தது. முன்பெல்லாம் மரவுருளையில் தகடு அடித்து மோட்டாரில் சுற்றவிடுவோம், உருளை சுற்றச் சுற்ற விளக்கு மாறும். அந்த வருஷம் நான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தேன். சென்னையில் டிசைன் படித்தபோது என்னோடு இருந்த வித்யாலக்ஷ்மி, கீபோர்டு வாசிப்பவள், ஒரு சிடி கொடுத்திருந்தாள். பாட்டுக்காரர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் என்றே செய்த சாப்ட்வேர். அதில் புரோகிராம் எழுத வேண்டியதில்லை, வரைந்தால் போதும். திரையில் ஒரு பெட்டி போடு, இன்னொரு பெட்டி போடு, நடுவே மவுஸால் ஒரு கோடு இழு. கிட்டத்தட்ட ஒயரிங் வேலைதான். வித்யாலக்ஷ்மி அதில் தாளம் ஓட்டினாள், நான் பல்பு ஓட்டினேன்.

அந்த சாப்ட்வேரில் ஒரு விதி உண்டு. ஒரே பெட்டியிலிருந்து பல பெட்டிகளுக்குக் கோடு பிரிந்து போனால், திரையில் வலது ஓரத்தில் இருக்கும் பெட்டிதான் முதலில் வேலை செய்யும். பிறகு அதற்கு இடப்பக்கத்தில் இருப்பது, அப்புறம் அடுத்தது, இப்படியே இடது ஓரம் வரை. பெட்டியைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினாலே முறை மாறிவிடும். நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் நீ எப்போது வருவாய் என்பதைத் தீர்மானிக்கும். பாவாவுக்கு இதை நிதானமாக விளக்கினேன். "ஆங், ஆங்" என்று கேட்டுவிட்டு, "ஒயரு வெளிய தெரியலியே, கரண்டு எப்டி போவுது?" என்றார்.

விழாக்குழுத் தலைவர் சாமிநாதனுக்குக் கே.ஜி.கண்டிகையில் ரைஸ் மில். அவர் தெற்கே எங்கேயோ போய் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்திருந்தார். முருகன் வேல் விட வேண்டும், சூரன் மாமரமாக மாற வேண்டும், மரம் பிளந்து மயிலும் சேவலும் வர வேண்டும், எல்லாம் பல்பில். "நம்ம ஊர்ல சம்ஹாரம் கெடையாதுங்களே" என்று நான் சொன்னேன். "கெடையாது இல்ல? அதான் கூட்டம் வரும்" என்றார் அவர். என் பெயரைப் பற்றிக் கேட்டேன். மோவாயைத் தடவினார். போர்டு நல்லபடியாக ஓடினால் கடைசியில் பெயர் வரட்டும் என்றார். 'ஒளி அமைப்பு' என்று முன்னால் போடலாம் என்றிருந்தேன். பாவா பல்பை எண்ணிப் பார்த்துவிட்டு, "போறாது தமா, பேரு மட்டும் வெச்சிக்கோ" என்றார். சரி, வெறும் 'தமயந்தி'. அதுவும் சிவப்பில்.

போர்டைத் தூக்கி நிறுத்திச் சோதனை ஓட்டம் பார்த்தபோது, மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஷண்முகசுந்தரம் குருக்கள் நின்றுவிட்டார். தலைமுறை தலைமுறையாக மேலே பூஜை செய்கிற குடும்பம். வேல் பறந்தது, சூரன் விழுந்தான். குருக்களின் முகம் சுண்டிப்போனது.

"சாமிநாதா, முருகன் கோபம் தணிஞ்சு வந்து உக்காந்த மலை இது. கந்த சஷ்டிக்கே இங்க சம்ஹாரம் கெடையாது, பூவக் கொட்டிக் குளிர வெக்கறோம். நீ அடிவாரத்துல நிக்க வெச்சு மறுபடியும் சண்டைக்கு அனுப்பறியே! கழட்டிடு. இல்லன்னா நாங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டோம்."

போர்டு போனால் என் பெயரும் போகும். மறுநாளே திருவிழா ஆரம்பம். புதுப் படத்துக்கு மூங்கில் கட்டக்கூட நேரம் இல்லை. பெட்டிகளை நகர்த்திக் கதையை வேறு மாதிரி ஆக்கலாமா என்று நான் கம்ப்யூட்டர் முன்னால் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, சாமிநாதன் என்ன செய்தார் தெரியுமா? குருக்களுக்குக் கோபம் வந்ததே போர்டில் இருக்கும் ஏதோ தோஷத்தால்தான் என்று முடிவு கட்டி, பள்ளிப்பட்டுக்கு போன் போட்டு வாஸ்து நாகராஜனை வரவழைத்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வாஸ்துப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. வாசலை அடைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறி இறங்கிய குடும்பங்களை நான் ஆர்.கே.பேட்டையில் பார்த்திருக்கிறேன். சாமிநாதனின் மில்லில் கக்கூஸை இடம் மாற்றச் சொன்னவர் இந்த நாகராஜன்தான். அதற்கப்புறம்தான் மில் ஓட ஆரம்பித்தது என்று சாமிநாதன் சத்தியம் பண்ணுவார். மிஷினுக்குப் புது பெல்ட் போட்டதும் அதே வாரத்தில்தான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நாகராஜன் வந்தார், போர்டைச் சுற்றி நடந்தார். "போர்டுல தோஷம் இல்ல நைனா. கெழக்க பாத்துதான் நிக்குது. இந்த வெளிச்சம்லாம் எங்கேருந்து பொறப்படுது?"

"கடையில கம்ப்யூட்டருங்க" என்றார் பாவா.

"அதான பாத்தேன். வேர்ல நோவு, நீங்க எலைக்கு மருந்து வெச்சிகினு கீறீங்க."

கடைக்கு வந்து திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கட்டம் கட்டமாகப் பெட்டிகள், நடுவில் கோடுகள். வாழ்நாள் முழுக்க இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது போல உட்கார்ந்தார். "வீட்டு பிளான்தானம்மா இது? நெறைய ரூமு" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாவா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிளானில் மேல்பக்கம்தான் வடக்கு, திரை நேராக நின்றால் அது வானத்தில் அல்லவா இருக்கும்? அதனால்தான் மானிட்டரைத் தரையில் படுக்க வைத்தார்கள். "வடக்க தல வெச்சிப் படுக்கக் கூடாதுன்னுவாங்களே" என்று பாவாவுக்கு அங்கே ஒரு சந்தேகம் வந்தது. "அது மனுசனுக்கு" என்றார் நாகராஜன். பிறகு திசைகாட்டியை எடுத்தார். முள் மானிட்டரைப் பார்த்தது. அவர் மறுபக்கம் போனார். அங்கேயும் முள் மானிட்டரையே பார்த்தது. மானிட்டருக்குள் காந்தம் இருக்கிறது என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. "இம்மாஞ் சக்திய நான் எங்கயும் பாத்தது இல்ல" என்று நாகராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார், சாமிநாதனும் போட்டுக்கொண்டார். கடைசியில் பாவா வாசலுக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து வடக்கைக் கைகாட்டினார்.

"மவுஸக் குடும்மா" என்றார் நாகராஜன்.

"குடுக்க மாட்டேன். பெட்டிய நகத்துனா வரிச மாறிடும். கடைசியில வர்றது மொதல்ல வந்துடும். எல்லாம் தலகீழா ஆயிடும்."

"தலகீழா கீறதத்தான் நேரா நிமுத்தப் போறேன்."

"தமா, அவரு பெரியவரு, குடு" என்றார் பாவா. அந்த நிமிஷம் பாவாவை மானிட்டருக்குப் பக்கத்தில் அப்படியே வடக்கே தலை வைத்துப் படுக்க வைக்கலாம் போல இருந்தது. மவுஸைப் பிடுங்கிக் கொடுத்தார்.

நாகராஜன் ஒவ்வொரு பெட்டியாகக் குடியேற்றினார். முருகன் எஜமான், ஆகவே தென்மேற்கு, அதாவது திரையின் இடது கீழ் மூலை. வேல் கனமான இரும்பு, எஜமான் கைக்கு எட்ட வேண்டும், அவருக்குப் பக்கத்திலேயே. வேல் பறக்கும் பாதைக்கென்று நான் போட்டிருந்த பெட்டிகளில் கூர்முனை வீட்டைக் குத்துகிறதென்று அவற்றைத் திருப்பி அடுக்கினார். சூரன் எமன் திசைக்காரன், தெற்கே நடுவில். மாமரம் அவனைத் தாண்டி கிழக்கு வாசல் பக்கம். மயிலும் சேவலும் காலை வெயிலில் கூவ வேண்டும், கிழக்கே, வலது ஓரத்தில். நான் ராப்பகலாக உட்கார்ந்து போட்ட வேலை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான்.

கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியது. "இது இன்னா?"

"அது எங்க தமாவோட பேருங்க" என்றார் பாவா.

"பொம்பள பேரா? கோயில் போர்டுலயா?" நாகராஜன் சாமிநாதனைப் பார்த்தார். எடுத்துவிடு என்று சொல்லிவிடுவாரோ? சாமிநாதன் என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படி முறைத்தேனோ தெரியாது, அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "இருக்கட்டும், எங்கனா ஓரமா போடுங்க" என்றார்.

"பொம்பளைக்கு அடுப்படிதான். அக்னி மூலை" என்று சொல்லி, என் பெயரைத் திரையின் தென்கிழக்குக் கோடிக்கு இழுத்தார். போதாதென்று இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். தென்கிழக்கு என்றால் வலது ஓரம். மயிலையும் சேவலையும் தாண்டிய வலது ஓரம். அங்கே இருப்பதுதான் முதலில் வரும். என்னை அடுப்படிக்குள் தள்ளி அடைத்துவிட்ட திருப்தியில் அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். என் நல்ல குணத்தைப் பார்த்துப் பாவாவே பயந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் இருட்டியதும் போர்டை ஓட்டினோம். அடிவாரம் முழுக்க மஞ்சள் வேட்டியும் புஷ்பக் காவடியும். சாமிநாதன் கெஞ்சிக் கூட்டிவந்த குருக்கள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

முதலில் சிவப்பாக என் பெயர் எரிந்து அணைந்தது. பிறகு மயிலும் சேவலும் வந்தன, ஒன்றையொன்று நெருங்கி ஒட்டி ஒரு மாமரம் ஆயின. மரம் சூரனாகி எழுந்து நின்றது. சூரன் நெஞ்சிலிருந்து வேல் கழன்றது, பின்பக்கமாகவே பறந்துபோய் முருகன் கையில் உட்கார்ந்தது. கடைசியில் முருகன் சாந்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். எதிரே சூரன் ஒரு காயமும் இல்லாமல் மீசையோடு நின்றான்.

சாமிநாதன் வெளிறிப்போனார். பாவா மெயின் சுவிட்சைத் தேடி ஓடினார். குருக்கள்தான் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வேலைத் திருப்பி வாங்கிண்டுட்டான்! விட்ட வேலை வாங்கிண்டு, அவனையும் பிழைக்க வெச்சுட்டு, கோபம் தணிஞ்சு நிக்கறான். இதுதான் நம்ம ஊரு. யார் பண்ணினது இது?"

"வாஸ்துங்க" என்றார் சாமிநாதன், தெம்பு வந்தவராக. நாகராஜன் அடக்கமாகக் கும்பிட்டார். ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் போர்டுக்கும் நீங்கள்தான் வர வேண்டும் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும், என் பெயர் சுற்றுக்குச் சுற்று எரிகிறது, அது போதும் என்று கூட்டத்துக்குள் புகுந்தேன். ஜனங்கள் அதைப் படிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுற்று முடிந்து போர்டு இருண்டது. இருட்டில் சிவப்பாக 'தமயந்தி' எழுந்தது. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, "அரோகரா!" என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் ஒரு கிழவர், காவடியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"இது எந்த அம்மன்?" என்று ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் மொட்டையடித்த குழந்தை.

"முருகனுக்கு அத்த மொற" என்றார் கிழவர், சந்தேகமே இல்லாமல். "அதான் மொதல்ல வந்துட்டுப் போறாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். "அது அம்மன் இல்லீங்க. நான்தான். என் பேருதான் தமயந்தி."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகம் கனிந்துவிட்டது.

"சாமி பேரையே வெச்சிக்கிறாங்களே உனுக்கு, குடுத்து வெச்சவதான் போ" என்றாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "கொஞ்சம் அப்டி தள்ளிக்கோம்மா, மறைக்குது" என்றாள்.

தள்ளி நின்றேன்.